இடப்பக்கத்து ஆணி

நாலு நாளாய்க் கார் மரக்குற்றியில் நிற்கிறது.
முன்சில்லு இரண்டையும் கழற்றி
வேம்போடு சாத்தியாயிற்று.
எழுபத்திரண்டாம் ஆண்டு எம்ஜி.
உப்புவெளியில் மூடிக்கிடந்த விடுதியொன்றின் பின்வளவில்
பதினொரு மாரி நனைந்தது.
கொண்டல் கொண்டுவந்த உப்பையெல்லாம்
வாங்கி வாங்கிக் காலுக்குள் வைத்திருந்தது.
நாங்கள் அதை உவர்மலைக்கு இழுத்துவந்தோம்,
பெயரிலேயே உவர் உள்ள இடத்துக்கு.

மேலே பச்சை, இன்னும் நல்ல பச்சை.
கீழே படுத்துப் பார்த்தால்
கறள்.
கொடுவாச் செதில்போலப் பெரிது பெரிதாய்
கண்ணுக்குள் விழுந்தது.

கீழ்க்கையையும் சில்லையும் சேர்த்துப் பிடிக்கிற ஆணி
பெருவிரல் மொத்தம்.
அதைக் குறுக்கே பூட்டும் ஆப்பு
சுண்டுவிரல்கூட இல்லை.
அந்தச் சுண்டுவிரல்தான் எங்களை
முழந்தாளில் வைத்தது.

முதல்நாள் மண்ணெண்ணெய்.
இரண்டாம்நாள் டீசலோடு கியர் ஒயில் கலந்து
இரவிரவாய் ஊறவிட்டோம்.
உள்ளே உழுந்து ஊறிற்று. இது ஊறவில்லை.
யூஜினி மச்சாள் சுத்தியலை எடுத்தாள்.
தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவள்,
கை ஓயாது.
அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
அம்மி நகரட்டும்.
ஆப்பின் தலை காளானாய் விரிந்ததுதான் மிச்சம்.

நடுவில்,
திருத்தற் புத்தகத்தை விரித்தபடி வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனோம்.
வந்து பார்த்தால் படலை திறந்து கிடக்கிறது.
இந்த ஊருக்கே உரிய வெட்கங்கெட்ட புள்ளிமான் ஒன்று
முன் சஸ்பென்ஷனை
நிதானமாய் மென்றுகொண்டு நிற்கிறது.
எண்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து எண்பத்தேழுவரை
அதன் வயிற்றில்.
போகிறபோக்கில் மட்காட்டையும் நக்கிப் பார்த்தது,
உப்புக் காணுமோ என்று.

பிறகெல்லாம் ஊகம்.

மூன்றாம்நாள் கிண்ணியாவிலிருந்து றிஸ்வி
காஸ் சிலிண்டரோடு வந்தான்.
கன்னியாவில் கிணறு ஏழு, ஏழுக்கும் ஏழு சூடு.
றிஸ்விக்கு ஒரு சூடுதான்: செம்பரத்தம்பூ நிறம்.
ரப்பர் புஷ் எரிந்து நாறியது.
அயல்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன.
"இப்ப அடியுங்கோ அக்கா, இப்ப!"
அடித்தேன்.
ஒரு சத்தம்.
விட்ட சத்தமா, உடைந்த சத்தமா,
மூன்று பேரும் ஆளையாள் பார்த்தோம்.

உடைந்ததுதான்.

நாலாம்நாள் அரிந்தோம். ஒன்பது பிளேட்.
ஆணி துண்டு துண்டாய் என் மடியில் விழுந்தது.
கிறீஸ் கண்ட அடையாளம்
அதன் உடம்பில் எங்குமில்லை.

பிறகு வலப்பக்கம்.
இதற்கும் நாலு நாள் என்று மனதில் எழுதிவைத்து,
ஸ்பனர் பிடியில் தண்ணீர்க்குழாய்த் துண்டைச் செருகி,
சுவரில் காலை ஊன்றி,
முழு உடம்பையும் கொடுத்து இழுத்தேன்.

சும்மா வந்தது.

மல்லாந்து விழுந்தேன், ஒயில் தட்டுக்குள்.
யூஜினிக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம்.
அதற்குள் ஆப்பைக் கையாலேயே உருவியிருந்தாள்,
வெண்டிக்காய்க் காம்பு கிள்ளுவதுபோல்.

படுத்தபடியே பார்த்தேன்.
ஆணியைச் சுற்றி எவரோ கிறீஸை அள்ளிப் பூசியிருந்தார்.
மெழுகாய் இறுகித் தேன்நிறமாகி,
அதில் ஒரு பெருவிரல் ரேகை
சுழி சுழியாய்,
நேற்று வைத்ததுபோல்.

எந்தப் பட்டறை, எந்த வருஷம்?
இவ்வளவு மெனக்கெட்டவர்
இடப்பக்கத்தை ஏன் விட்டார்?
கிறீஸ் தீர்ந்ததா? பொழுது பட்டதா?
ஊரடங்கு என்று வாசலில் யாராவது கத்தினார்களா,
சாவியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாரா?

மச்சாள் மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினாள்.
கொஞ்சம் பொறு என்றேன்.
என் பெருவிரலை அதற்குமேல் பிடித்துப் பார்த்தேன், தொடாமல்.
அது என்னுடையதைவிடச் சிறிது.

புது ஆணி இரண்டும்
வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் வரும்.
இராக்கையில் இருந்த கிறீஸ் டப்பாவை எடுத்து
மூடியைத் திறந்தேன்.
கால்வாசி.
இரண்டு பக்கத்துக்கும் காணுமா?